சிறு அரவத்துக்கும் குரைத்த செவலை

செவலைக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டில் ஒரு கரண்டியைக் கீழே வைப்பதற்குக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. மாடிப்படியில் யாரோ செருப்பை உரசிக்கொண்டு நடப்பது, பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாள் விழுவது, குளிர்சாதனப் பெட்டியின் இயந்திரம் நின்று மறுபடியும் ஓடத் தொடங்கும்போது எழும் சிறு ‘டக்’, மேசை மேல் வைத்த கைபேசி அதிர்வது என்று, நம் காதில் விழுந்தும் மனத்தில் பதியாத ஒவ்வோர் ஓசைக்கும் அவள் துள்ளி எழுந்து, வாசற்கதவுக்கு ஓடி, மூச்சு வாங்கும்வரை குரைத்தாள். தொடங்கினால் நான்கைந்து நிமிடத்துக்கு நிற்காது. நின்ற பிறகும் உடம்பு தளராமல், அடுத்த ஓசை எப்போது வருமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். மேல்வீட்டில் கைக்குழந்தை இருந்தது. “குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா” என்று அந்தத் தாய் ஒரு நாள் படியிறங்கி வந்து சொன்னபோது, அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது. இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

அதற்கு முன்பு நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. செய்தவை யாவும் தவறாக இருந்தன. அவள் குரைத்தவுடன் “சும்மா இரு” என்று நானும் உரக்கக் கத்தினேன். அவளுடைய நிலையில் இருந்து எண்ணிப் பார்த்தால், ஏதோ அரவம் கேட்டது, அவள் குரல் கொடுத்தாள், உடனே வீட்டிலுள்ள பெரியவரும் ஓடி வந்து சேர்ந்து குரல் கொடுக்கிறார். ஆகவே வாசலுக்கு வெளியே இருப்பது உண்மையிலேயே அஞ்சத்தக்கதுதான் என்பது அவளுக்கு உறுதியாகிவிடுகிறது. இதைவிட வலிமையான இன்னொரு காரணமும் இருக்கிறது. படியில் நடப்பவர் யாரானாலும் தம் வேலையாக நடந்து போய்விடுவார், பொதி கொண்டுவந்தவர் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஆனால் செவலைக்குத் தெரிந்த கணக்கு வேறு: தான் குரைத்தாள், வந்தவர் போய்விட்டார். ஒரு நாளில் பத்து முறை இப்படி நடந்தால் பத்து முறையும் அவளுக்கு வெற்றியே. யாரும் கற்றுக்கொடுக்காமலேயே, குரைப்பு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் பழக்கமாகிவிடுகிறது. சில மாதங்கள் போனால் ஓசைகள் பழகிவிடும் என்று நம்பியதும் தவறு. அச்சம் கலந்த ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்கும் நாய்க்கு அது பழகிப்போவதற்குப் பதிலாக, நாளுக்கு நாள் இன்னும் சிறிய ஒலிக்கே மிரளும் நிலைதான் பெரும்பாலும் ஏற்படும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. முதலில் அழைப்புமணிக்கு மட்டும் குரைத்தவள், ஓராண்டில் சாவிக்கொத்தின் சலசலப்புக்கும் குரைத்தாள்.

அவள் கேட்கும் உலகம் நாம் கேட்கும் உலகம் அன்று என்பதையும் நான் சரியாக எண்ணிப் பார்த்ததில்லை. இளம் வயதில் நல்ல செவித்திறன் உள்ள மனிதருக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி கேட்கும். நாய்க்கு 45,000 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கேட்கும். நமக்கு அமைதியாகத் தோன்றும் அறையிலும், மின்கருவிகள் சில எழுப்பும் கீச்சொலியும், சுவருக்குள் ஓடும் எலியின் மெல்லிய குரலும் அவளை வந்தடையும். ஒன்றுமே இல்லாததற்குக் குரைக்கிறாள் என்று நான் பலரிடம் குறைபட்டிருக்கிறேன். பெரும்பாலும் அங்கே ஏதோ ஒன்று இருந்திருக்கிறது, எனக்குத்தான் அது கேட்கவில்லை.

மாற்றம் ஒரு சாதாரணக் குறிப்பேட்டில் தொடங்கியது. பத்து நாட்களுக்கு அவளைத் திருத்த முயலாமல், எந்த ஓசை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் குரைத்தாள், அப்போது எங்கே படுத்திருந்தாள் என்பவற்றை மட்டும் எழுதிவைத்தேன். எல்லா ஓசைக்கும் குரைக்கிறாள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையன்று என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. மாவரைக்கும் இயந்திரத்தின் பேரிரைச்சலுக்கு அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. துணி துவைக்கும் இயந்திரம் ஓடும்போது அதன் பக்கத்திலேயே உறங்கினாள். அவளை எழுப்பியவை திடீரென்று தோன்றி, சட்டென்று அறுந்து, பிறகு எப்போது வரும் என்று கணிக்க முடியாத ஓசைகள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தினர் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இதையே சொல்கிறது என்பதைப் பின்னர் படித்தேன்: மின்கலம் தீரும்போது புகை எச்சரிக்கைக் கருவி விட்டுவிட்டு எழுப்பும் கீச்சொலியைப் போன்ற, உயர்ந்த சுருதியில் இடைவெளி விட்டு வரும் ஓசைகளே, தாழ்ந்த சுருதியில் தொடர்ந்து வரும் இரைச்சலைவிட நாய்களை மிகுதியாகக் கலவரப்படுத்துகின்றன. வீட்டில் இயல்பாக எழும் ஒலிகளுக்குத் தம் நாய் எவ்வளவு அஞ்சுகிறது என்பதை வளர்ப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்றும் அதே ஆய்வு கூறுகிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது.

குறிப்பேடு இன்னொன்றையும் காட்டியது. காலையில் ஒரே ஓர் ஓசை கேட்டால் அவள் இரண்டு முறை குரைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். ஆனால் நண்பகலில் பொதி கொண்டுவருபவர் வந்து, அதற்குச் சற்று நேரத்தில் மேல்வீட்டில் நாற்காலி இழுபட்டு, பிறகு தெருவில் வேறொரு நாய் ஊளையிட்ட நாட்களில், மாலையில் நான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கும் ஒலிக்குக்கூட வாசல்வரை ஓடினாள். ஒரு கலக்கத்தின் சூடு தணியும் முன்பே அடுத்தது வந்து சேர்ந்தால், உடம்பு அந்த விழிப்பிலேயே தங்கிவிடுகிறது. மாலையின் குரைப்புக்கு மாலையில் மருந்து தேடிப் பயனில்லை என்பதும், நண்பகலை அமைதியாக்குவதுதான் முதல் வேலை என்பதும் அப்போதுதான் புரிந்தன.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வளர்ந்த நாய் ஒன்று, முன்பு பொருட்படுத்தாத ஓசைகளுக்குப் புதிதாகக் குரைக்கத் தொடங்கினால், பயிற்சியைத் தேடுவதற்கு முன்பு கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எனக்கு இது தோன்றவே இல்லை. நகம் வெட்டுவதற்காகச் சென்றபோது தற்செயலாகப் பேச்சு வந்தது. மருத்துவர் “எப்போதிலிருந்து இப்படி?” என்று கேட்டுவிட்டு, செவலையின் பின்னங்காலை மெல்ல மடக்கி நீட்டினார். அவள் கத்தவில்லை, திரும்பி அவருடைய கையை ஒரு முறை நக்கினாள், அவ்வளவுதான். அது வலியைச் சொல்லும் விதம் என்று அவர் விளக்கினார். இடுப்பு மூட்டில் தேய்மானம் தொடங்கியிருந்தது. திடுக்கிடும்போது தசைகள் இறுகுகின்றன, புண்பட்ட மூட்டில் அந்த இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, அந்த வலி அப்போது கேட்ட ஓசையோடு சேர்ந்து மனத்தில் பதிந்துவிடுகிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டு 2018இல் வெளியான சிறிய ஆய்வொன்று, தசை, மூட்டு வலி உள்ள நாய்களில் ஓசை அச்சம் மற்ற நாய்களைவிடச் சுமார் நான்கு ஆண்டுகள் தாமதமாகத் தொடங்குகிறது என்று காட்டியது. காலம் கடந்து தோன்றும் அச்சம் வலியின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதே அதன் பொருள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தைத் தொடங்கிய மூன்றாம் வாரத்திலேயே செவலையின் குரைப்பு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தணிந்தது. அவளுக்கு வலித்துக்கொண்டிருந்த மாதங்களில் நான் அவளைக் கடிந்துகொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. மனிதர்க்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள்; அவற்றில் சில நாய்க்கு நஞ்சு.

வீட்டுக்குள் சில மாற்றங்களையும் செய்தோம். அவளுடைய படுக்கை வாசற்கதவை ஒட்டி இருந்தது. காவலுக்கு ஏற்ற இடம் என்று நாங்களே அங்கே போட்டிருந்தோம். அதை உள்ளறையின் மூலைக்கு மாற்றினோம். தெருவைப் பார்த்த சன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தோம், கதவடியிலிருந்த இடைவெளியைத் துணிச்சுருளால் அடைத்தோம், அழைப்புமணியின் ஓசையை மாற்றினோம். நண்பகலில் மின்விசிறியை ஓடவிட்டோம். அதன் சீரான இரைச்சல் படியோசையை மூழ்கடித்துவிடுகிறது. இசையும் உதவும். பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா வெல்ஸும் அவருடைய குழுவினரும் 2002இல் காப்பக நாய்களிடம் செய்த ஆய்வில், மேற்கத்தியச் செவ்வியல் இசை ஒலித்தபோது நாய்கள் மிகுதியாகப் படுத்து ஓய்வெடுத்தன, ஹெவி மெட்டல் ஒலித்தபோது மிகுதியாகக் குரைத்தன. எங்கள் வீட்டில் வீணையும் மின்விசிறியும் ஒரே வேலையைத்தான் செய்தன, ஆகையால் மின்விசிறியோடு நிறுத்திக்கொண்டோம்.

இவற்றால் குரைப்பின் எண்ணிக்கை குறைந்ததே தவிர, ஓசையைக் கேட்கும்போது அவளுக்குள் எழுந்த உணர்ச்சி மாறவில்லை. அதை மாற்ற, நான் அவளுடைய காதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. குரைப்பு திடீரென்று வருவதில்லை. முதலில் வலக்காது மட்டும் தனியாக வாசல் பக்கம் திரும்பும். இளைத்துக்கொண்டிருந்த வாய் மூடிக்கொள்ளும், மூச்சு ஒரு கணம் நிற்கும், நெற்றியில் இரண்டு மெல்லிய மடிப்புகள் விழும். பிறகு கன்னம் உப்ப, வாயைத் திறக்காமலே ‘வுஃப்’ என்று காற்றை வெளியே தள்ளுவாள். அதற்கும் பிறகுதான் கால் எழும், குரல் எழும். காது திரும்புவதற்கும் குரல் எழுவதற்கும் நடுவில் இரண்டு விநாடிகூட இருக்காது. ஆனாலும் நான் செய்யக்கூடியதெல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் இருந்தது. குரைக்கத் தொடங்கிய நாயின் காதில் நம் சொல் ஏறாது. காதை மட்டும் திருப்பிய நாய் நம்மையும் கேட்கும்.

முறை எளியது, பொறுமைதான் பெரிதாக வேண்டும். அவளைத் துன்புறுத்தும் ஓசைகளில் ஒன்றைக் கைபேசியில் பதிவு செய்து, காது மட்டும் அசையும் அளவுக்கு, அதாவது எனக்கே அரைகுறையாகக் கேட்கும் அளவுக்குத் தாழ்த்தி ஒலிக்கவிட்டேன். ஓசை முடிந்த ஒரு விநாடிக்குள், வேகவைத்த கோழி இறைச்சியில் சுண்டுவிரல் நகத்தளவு துண்டு ஒன்றை அவள் வாயருகே கொடுத்தேன். ஓசை, இறைச்சி, ஓசை, இறைச்சி. அவள் உட்கார வேண்டியதில்லை, அமைதியாக இருக்க வேண்டியதுகூட இல்லை. ஓசை வந்தால் இறைச்சி வரும், அவ்வளவே. 1904இல் நோபல் பரிசு பெற்ற ருசிய உடலியலாளர் இவான் பாவ்லோவ், உணவோடு சேர்த்துக் கேட்கப்பட்ட ஒலி தனியாகக் கேட்கும்போதும் நாயின் வாயில் உமிழ்நீரைச் சுரக்கச் செய்ததைக் காட்டினார். அதே தொடர்பைத்தான் இங்கே அச்சத்தின் மேல் எழுதுகிறோம். நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல் செய்தேன். மூன்று நாட்கள் அவள் தளர்ந்த உடம்போடு கேட்டால் மட்டுமே ஒலியை ஒரு படி உயர்த்தினேன். நெற்றி மடிப்பு தெரிந்தால் அன்றைக்கே இரண்டு படி குறைத்தேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தாழ்ப்பாள் ஓசை கேட்டதும் அவள் காதை வாசலுக்குத் திருப்பி, உடனே தலையை என் கையின் பக்கம் திருப்பினாள். அந்தத் தலைத்திருப்பத்தைக் கண்ட மகிழ்ச்சியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செய்த பிழைகளைச் சொல்லாவிட்டால் இதைப் படித்து முயல்பவர்களுக்கு உதவாது. தொடக்கத்தில் இறைச்சி டப்பாவை ஓசைக்கு முன்பே திறந்துகொண்டிருந்தேன். டப்பா திறந்தால் பயமுறுத்தும் ஓசை வரும் என்று அவள் கற்றுக்கொண்டு, டப்பாவைக் கண்டாலே எழுந்து போகத் தொடங்கினாள். வரிசை தலைகீழானால் பலனும் தலைகீழாகிவிடும். இரண்டாவது, நன்றாகப் போகிறதே என்ற ஆசையில் ஒரே நாளில் ஒலியைப் பாதிக்கு மேல் உயர்த்தினேன். பத்து நாள் உழைப்பு அன்று ஒரு நிமிடத்தில் கலைந்தது. மூன்றாவது, பதிவு செய்த ஓசைக்கு அமைதியானவள் உண்மையான படியோசைக்கும் அமைதியாவாள் என்று நினைத்துவிட்டேன். இரண்டும் வேறு. பிறகு தம்பியைப் படியில் ஏறி இறங்கச் சொல்லி, முதலில் செருப்பில்லாமல், அப்புறம் செருப்போடு, அதற்கும் அப்புறம் சாவியை ஆட்டிக்கொண்டு என்று தனியாகப் பழக்க வேண்டியிருந்தது.

பயிற்சி நடக்காத நேரத்தில் குரைத்தால் என்ன செய்வது என்பதற்கு நாங்கள் கண்ட வழி, அவளுடைய எச்சரிக்கையை ஏற்றுக்கொள்வதுதான். ஒன்றிரண்டு குரைப்புக்குப் பிறகு நான் எழுந்து கதவருகே சென்று, வெளியே பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் “தெரியும், வா” என்று சொல்லி, உள்ளறைக்கு நடந்து, தரையில் சில தீனித் துண்டுகளைச் சிதறிவிடுவேன். மூக்கைத் தரையில் வைத்து மோப்பம் பிடிக்கும் நாய் மெல்ல மெல்லத் தணிகிறது. குரைப்புக்குக் கூலி கொடுக்கிறோமே என்று என் தம்பிக்கு ஐயம் இருந்தது. அச்சத்தால் குரைக்கும் நாயிடம் அந்த ஐயம் தேவையில்லை என்பதே என் அனுபவம். ஆனால் விளையாட்டுக்கோ உணவுக்கோ நம் முகத்தைப் பார்த்துக் குரைக்கும் நாய்க்கு இது பொருந்தாது. அங்கே தீனி கொடுத்தால் குரைப்பு வளரும். நீங்கள் வெளியே சென்ற பிறகு தனிமையில் மட்டும் குரைப்பதும் வேறு சிக்கல். 2004இல் சோஃபியா யின், பிரெண்டா மெக்கோவன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வில், அந்நியர் வரவுக்கு எழும் குரைப்பு தாழ்ந்து கரகரப்பாகவும், தனிமையில் எழுவது உயர்ந்த சுருதியிலும் இருப்பதை அளந்து காட்டினார்கள். கைபேசியைப் பதிவில் விட்டுச் சென்று கேட்டால் இந்த வேறுபாடு நம் காதுக்கே தெரியும்.

குரைத்தால் கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் பட்டையைப் பலர் பரிந்துரைத்தார்கள். பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் அதை 2010இலேயே தடை செய்துவிட்டார்கள். சட்டம் எப்படியானாலும், ஓசைக்கு அஞ்சும் நாய்க்கு ஓசையோடு வலியும் வரும் என்று கற்றுக்கொடுக்கும் கருவியை நான் என் வீட்டுக்குள் விடமாட்டேன். குரைக்கிற நாய் கடிக்காது என்று சொல்வதும் நம்பத்தக்கதன்று. மிரண்டு குரைக்கும் நாயை மூலையில் நெருக்கினால் கடிக்கக்கூடும், குழந்தைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

தொடங்கி ஒன்பது மாதங்கள் ஆகின்றன. அழைப்புமணிக்கு இன்றும் இரண்டு மூன்று முறை குரைத்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறாள். அதை முழுவதும் நிறுத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. தாழ்ப்பாள், சாவிக்கொத்து, குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு இப்போது காது மட்டும் அசைகிறது. குறிப்பேட்டில் ஒரு நாளைக்கு முப்பது வரிக்குக் குறையாமல் எழுதிய இடத்தில், சென்ற வாரம் முழுவதற்கும் சேர்த்து ஒன்பது வரிதான். மேல்வீட்டுக் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது. அதன் காலடி எங்கள் கூரையில் ‘தப், தப்’ என்று கேட்கிறது, இடையில் விழுந்தால் ஒரு பெரிய ‘தொப்’. செவலைக்கு இது புதிய ஓசை. முதல் நாள் கூரையைப் பார்த்துக் கன்னத்தை உப்பினாள், குரைக்கவில்லை. நேற்று அந்தத் தாயிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் குழந்தையை நடக்கவிட்ட வேளையில் அந்தக் காலடியைப் பதிவு செய்திருக்கிறேன். கோழி வேகிறது, இன்று மாலை, மிகத் தாழ்ந்த ஒலியில் தொடங்குவோம்.